வேலூர் முதல் பஸ்ஸின் முன் சீட்டு

அன்று நடந்தது வரிசையாக இது:

1. மார்கழி மாதம். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் முதல் பஸ் வழக்கம்போல விடிகிற நேரத்தில் கிளம்பியது. ஆற்றோரம் முழுக்கப் பனி.

2. டிரைவருக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிற வெற்றிலை வியாபாரி காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

3. பனிக்குள் ஒரு தொந்தரவும் இல்லை.

4. பரமத்தி தாண்டி மேட்டில் ஏறியதும் பனி விலகி நல்ல வெயில் வந்தது. அந்த வெயிலில், ரோட்டின் நடுவே நின்றிருந்த ஒரு கட்டை வண்டியை நோக்கி பஸ் நேராகப் போனது. நான் சொன்ன பிறகே நின்றது. யாருக்கும் அடியில்லை.

5. டிரைவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதைக் கண்டேன். நான் சேலத்தில் கண் பிரிவில் பயிற்சி முடித்த நர்ஸ். அதனால் இதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

6. அதுவரை விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது மூன்றாவதாக எனக்கு. நான் வாயைத் திறந்தால் அவர் ஸ்டியரிங்கை விட வேண்டும். அவர் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. திறக்காவிட்டால் தினமும் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் அந்தக் கண்களை நம்பிப் போக வேண்டும்.

இதற்கு மேல் வரிசை போட்டுச் சொல்ல முடியாது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்புறம் ஒரு கரி உலையைப் பொருத்தியிருந்தார்கள். க்ளீனர் இருட்டோடு வந்து கரியைக் கொட்டி, தீ மூட்டி, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி எஞ்சினுக்கு வேண்டிய வாயு கிளம்பும்வரை காத்திருப்பார். அவர் நடுவயது மனிதர். டிரைவர் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தார். ஓட்டத்தான் வண்டி இல்லை. பஸ் மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். நாங்கள் பெண்கள் இறங்கிப் பின்னால் நடப்போம். அந்த நேரத்தில்தான் ஊர்ப் பேச்செல்லாம் பேசி முடியும்.

எங்கள் பக்கத்தில் வேலூர் என்றாலே பரமத்தி வேலூர்தான். காவிரி, வாய்க்கால், வெற்றிலைக் கொடிக்கால், வாழைத் தோட்டம் என்று எப்போதும் ஈரம் காயாத நிலம். மார்கழி, தை இரண்டு மாதமும் விடியற்காலையில் பனி தரையோடு படுத்துக் கிடக்கும். கையை நீட்டினால் விரல் தெரியும், அதற்கப்பால் தெரியாது என்கிற நாட்களும் உண்டு. பரமத்திக்கு மேல் நிலம் உயர்ந்து காய்ந்துவிடும். அங்கே பனி மெல்லியதாகிவிடும். நாமக்கல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டு நிலத்தையும் நான் தினமும் இதே பஸ்ஸில்தான் கடந்தேன்.

பனியில் வண்டி ஓட்டுவதில் எங்கள் டிரைவருக்கு நல்ல பெயர். வேறு பஸ்கள் வாழைத்தோப்புக்குள் இறங்கிய கதையும், தரைப்பாலத்தில் கைப்பிடிச் சுவரை உரசிய கதையும் வரும். எங்கள் பஸ்ஸைப் பற்றி அப்படி ஒன்று வந்ததில்லை. அவர் என்னென்ன செய்கிறார் என்பதைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எதையும் முறையாகப் படித்துவிட்டால் பிறகு எல்லாவற்றிலும் முறை தேடுகிற புத்தி வந்துவிடுகிறது.

எவ்வளவு குளிர் இருந்தாலும் அவர் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திறந்தே வைப்பார். காதுக்குத்தான் அது. ரோட்டின் நடுவைப் பார்க்க மாட்டார்; இடது ஓரத்தில் கப்பியும் செம்மண்ணும் சேருகிற கோட்டைப் பிடித்துக்கொண்டே போவார். யுத்தச் சட்டத்துக்காக முகவிளக்குகளின் மேல் பாதியில் கறுப்பு மை பூசியிருந்தது. அதைப் பற்றி மற்றவர்கள் குறைப்பட்டுக்கொண்டபோது, "நல்லதுதானுங்க. முழு வெளக்கப் போட்டா பனி நம்ம மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும். கீழ பாத்து அடிச்சாத்தான் ரோடு தெரியும்" என்றார். எந்த வண்டியையும் முந்த மாட்டார். வண்டி பழுதானால் ரோட்டில் நிறுத்த மாட்டார். மெல்ல உருட்டியாவது புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். பாலத்துக்கு முன்னால் ரப்பர் ஹாரனை ஒருமுறை அமுக்கிவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருப்பார்.

ஒரு பழக்கம் மட்டும் மற்ற டிரைவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. முன்னால் போகிற மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே தொங்கும் லாந்தரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவது எல்லா டிரைவர்களுக்கும் வழக்கம். இவர் போக மாட்டார். வண்டிக்காரர் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்; மாடுகள் தங்கள் வீட்டுக்குப் போகிற இட்டேரிப் பாதை வந்ததும் தாமாகவே திரும்பிவிடும்; லாந்தரும் கூடவே திரும்பும்; பின்னால் வந்த லாரியும் திரும்பி, விடிந்ததும் பார்த்தால் யாரோ ஒருவருடைய களத்துமேட்டில் நிற்கும். அப்படி நின்ற ஒரு லாரியை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் டிரைவருக்குக் கம்மங்கூழ் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

எங்கள் பஸ்ஸுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. பனி நாட்களில் முன்பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். "எடப்பக்கம் வண்டி", "எதிர்ல ஆடு", "சோத்தாங்கைப் பக்கம் ஆளு நடக்குது" என்று குரல்கள் வந்துகொண்டே இருக்கும். கூச்சப்படுகிற பெண்கள்கூடப் பனிக்குள் சொல்லிவிடுவார்கள். அதற்குத் தலைவர் மாதிரி வெற்றிலை வியாபாரி. அவர் டிரைவரின் மனைவிக்கு அண்ணன். நாமக்கல் சந்தைக்கு வெற்றிலைக் கட்டுகளைக் கூரைமேல் ஏற்றிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உரிமையோடு உட்காருவார்.

"மாப்ளே, வாய்க்கா ஓரத்துல ஒரு எருமை நிக்குது. ஒங்க ஊட்டு ஒறவான்னு பாரு."

"எங்க ஊட்டுது இல்லீங்க மச்சான். நான் பொண்ணெடுத்த ஊட்டுது."

பஸ் முழுக்கச் சிரிக்கும். எருமையைத் தாண்டியிருப்போம்.

வெயில் வந்த பிறகும் வியாபாரி பேச்சை நிறுத்த மாட்டார். கோடைக்காலத்திலும் அப்படித்தான். "அதா பாரு, வெள்ளத் துண்டு போட்டவன் ரோட்டக் குறுக்க வாரான், கடன்காரனப் பாத்த மாதிரி." "அதா, குதிரை வண்டி. உள்ள இருக்கறவங்க கலியாணத்துக்குப் போறாங்க போல." வாய் ஓயாத மனிதர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டிரைவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசாததையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

வியாபாரி வராத அந்தக் காலையில் டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பின்னால் திரும்பாமலே சொன்னார்: "நர்ஸம்மா வந்திருந்தா முன்னால வரச் சொல்லுங்க. கண்ணு பாக்கறவங்க. நல்லாச் சொல்லுவாங்க."

"டிரைவரண்ணனுக்கு இன்னிக்கு யோகந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. நான் போய் உட்கார்ந்தேன். தேவையில்லாத வார்த்தை இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். இடது, வலது, எதிர், தூரம், பக்கம். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். பரமத்திவரை எல்லாம் சரியாகவே போனது.

மேட்டில் ஏறியதும் பனி கிழிந்த துணிபோல் நாலாபக்கமும் ஒதுங்கியது. சூரியன் வலதுபுறத்திலிருந்து கண்ணாடியில் அடித்தது. ரோடு நீளமாக, சுத்தமாகத் தெரிந்தது. என் வேலை முடிந்தது என்று பேச்சை நிறுத்திவிட்டு முக்காட்டைச் சரிசெய்தேன். முன்னால் ஒரு கட்டை வண்டி மாடு அவிழ்க்கப்பட்டு நடுரோட்டில் நின்றிருந்தது. கடையாணி போய்விட்டது போல. வண்டிக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் வேகத்தைக் குறைக்கும் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. டிரைவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்கள் ரோட்டின் மேல்தான் இருந்தன.

"வண்டி நிக்குது. நடுவுல" என்றேன்.

பிரேக்கை மிதித்தார். உலை குலுங்கி, கூரையிலிருந்து ஒரு கூடை முன்னால் உருண்டு விழுந்தது. பஸ் நின்றபோது வண்டிக்காரர் நிமிர்ந்து எங்கள் முகவிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கிட்டத்தில்.

டிரைவர் மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்: "பனி இன்னும் உடலீங்களா அம்மிணி?"

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். பக்கவாட்டில் வெயில் விழுந்ததில் இடது கண்மணி பால் தெளித்த மாதிரி இருந்தது. வலதில் நடுவில் மட்டும் ஒரு மங்கல்.

"உட்டுருச்சுங்க" என்றேன்.

அவர் கட்டை வண்டியைச் சுற்றி பஸ்ஸை ஓரமாக எடுத்தார். நாமக்கல்வரை வண்டியை நடத்திக்கொண்டு போனார், ஓட்டவில்லை. நானும் அந்த வெயிலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். வண்டி, நாய், தலையில் விறகோடு ஒரு பெண். பின்னால் ஒருவர், "நர்ஸம்மாவுக்குப் பனி இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் பஸ் நிற்கிற நேரத்தில் அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தேன். தலையில் துண்டைப் போட்டு, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் பார்த்தார். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டோம். இருட்டறையில் விளக்கை நாலு பக்கமும் மாற்றிப் பிடித்து வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். எல்லாப் பக்கத்தையும் சரியாகச் சொன்னார். உள்ளே விழித்திரை நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்யலாம். வலது இன்னும் முற்றவில்லை. அந்த நாட்களில் முற்றாமல் தொட மாட்டார்கள்.

"அப்புறம் வண்டி ஓட்டலாங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குத் தடிமனான கண்ணாடி போட வேண்டும். ஒரு கண்ணில் கண்ணாடி, மறு கண்ணில் புரை என்றால் இரண்டும் ஒரே தூரத்தைக் காட்டாது. பஸ் ஓட்ட முடியாது.

டாக்டர் போன பிறகு, இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர் அதைக் கண் நோவாகவே முதலில் நினைக்கவில்லை. பனி வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிறது என்று நினைத்திருக்கிறார். முன்பெல்லாம் பரமத்தியில் விடுகிற பனி அதற்கப்பால் கீரம்பூர்வரை வருகிறது, மாசியிலும் போகவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் பங்குனி வெயிலில், "என்ன இந்தப் பனி" என்றபோதுதான் மச்சான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாராம். அன்றிலிருந்து மச்சான் முன் சீட்டை வேறு யாருக்கும் விடவில்லை. இவரும் முதலாளியிடம் கேட்டு முதல் டிரிப்பை வாங்கிக்கொண்டார். வெயில் ஏறினால் கண் கூசும்; விடியற்காலை மங்கலில் கொஞ்சம் நன்றாகத் தெரியும். இந்த வகைப் புரைக்கு அதுதான் குணம். எங்கள் பாடத்தில் படித்ததுதான்.

அன்று மாலை பஸ்ஸை க்ளீனர் ஓட்டினார். வயிற்று வலி என்று டிரைவர் சொன்னார். யாரும் நம்பாமல் இல்லை. அவர் பின் சீட்டில் வெளியே பார்த்தபடி வந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வியாபாரிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, கம்பளியைப் போர்த்தியிருந்தார். கையில் ஒரு கவுளி வெற்றிலை. அம்மா பாயைப் போட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அம்மிணி, ஒன்னு கேக்கறேன்" என்று வியாபாரி ஆரம்பித்தார். "இத்தன நாள்ல இந்த பஸ்ஸுல ஒரு கோழி அடிபட்டிருக்குமா?"

"இல்லீங்க."

"மாப்ளைக்கு ரெண்டு கண்ணு போச்சு, சரி. என்ற கண்ணு ரெண்டு இருக்குதல்ல? மத்த பஸ்ஸெல்லாம் ஒரே ஆளு பாத்து ஓட்டறான். இதுல ஒருத்தன் பாக்கறதுக்கு, ஒருத்தன் ஓட்டறதுக்கு. இதுல என்ன கொறை கண்டீங்க சாமி?"

"இன்னிக்கு நீங்க படுத்துட்டீங்க."

"காச்சல். அது எப்பவோ ஒருக்கா வாரது."

"வண்டி மோதறதும் எப்பவோ ஒருக்கா வாரதுதானுங்க."

அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "படிச்ச புள்ளைகிட்ட வாயக் குடுக்கக் கூடாது" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். பிறகு குரல் தணிந்தது. "என்ற தங்கச்சி ஊடு அம்மிணி அது. அவளுக்கு இன்னும் தெரியாது."

டிரைவர், "பனியில நான் மத்தவங்களுக்குக் கொறைச்சலுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். உண்மை அதுதான். "பனியில உங்களுக்காக பஸ்ஸே பாக்குதுங்க. வெய்யில்ல யாரும் பாக்கறதில்ல."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் பனி இருக்கும்வரை தான் ஓட்டுவதாகவும், மேட்டில் பனி விட்டதும் க்ளீனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். க்ளீனருக்கு வெயிலில் ஓட்டத் தெரியும், பனியில் பயம். தனக்குப் பனி பழக்கம். "பனின்னு வந்துட்டா எல்லாருக்கும் கண்ணு ஒண்ணுதானுங்களே" என்றார்.

கேட்கும்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அப்படி ஓட்டினால் அவர் சம்பளம் நிற்காது. பனியில் பஸ்ஸும் அவர் கையில் பத்திரமாக இருக்கும். ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முதலாளிக்குத் தெரியாமல் மட்டும் நாளைக்கு வண்டியை எடுக்கக் கூடாது, எடுத்தால் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். வெற்றிலையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. வியாபாரி அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் பஸ் ஷெட்டுக்குப் போனபோது முதலாளி வந்திருந்தார். பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற பண்ணையக்காரர். டிரைவர் அவரிடம் சொல்லிவிட்டார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. முந்தின நாளைவிடப் பனி கனமாக இருந்தது. பிரயாணிகள் உலைப் பக்கம் சூட்டுக்கு ஒதுங்கி நின்றார்கள்.

முதலாளிக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. "ஓட்டத் தெரிஞ்சவனெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டானுங்க அம்மிணி. ஆளுக்கு நான் எங்க போறது? பரமத்தி மேடு வரைக்கும் இவரு, அப்புறம் அவன். நல்லாத்தான இருக்குது? நீங்களும் முன்னால உக்காந்துக்குங்க."

நான் ராத்திரி யோசித்ததில் ஒரே ஒரு விஷயத்தில்தான் நின்றிருந்தேன். பனியில் எல்லாருக்கும் கண் ஒன்றுதானா? அதைப் பேசித் தீர்க்க முடியாது; பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். இங்கே அது இல்லை. எதிர்ப்பக்கம் ரோட்டைத் தாண்டி மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல் தொட்டி ஒன்று இருந்தது.

"அந்தத் தொட்டி தெரியுதுங்களா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"லேசாத் தெரியுது."

க்ளீனரைக் கேட்டேன். "தெரியுதுங்க. மேல ஒரு காக்கா உக்காந்திருக்குது."

டிரைவர் எங்களுக்கு நடுவில் நின்று அந்தப் பக்கமே பார்த்தார். நான் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாமாகவே தொட்டியை நோக்கி நடந்தார். தெரிந்ததும் நின்றுவிடுவார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோட்டின் நடுவில் நிற்கவில்லை. அந்த ஓரத்திலும் நிற்கவில்லை. பனி அவர் மேல் மூடி, வேட்டி மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பிறகு காக்கை பறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வர நேரம் பிடித்தது. வலது கை நனைந்திருந்தது. அதைத் துண்டில் துடைத்தபடியே முதலாளியிடம் சொன்னார்: "தண்ணியில கைய வெச்சப்பறந்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது."

முதலாளி, "இன்னிக்குப் பனி ஜாஸ்தியப்பா" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களே. க்ளீனருக்குக் காக்காயே தெரிஞ்சுது. எல்லாருக்கும் இருக்கற பனி எனக்கும் இருக்குது. அதுக்கு உள்ள என்ற பனி வேற இருக்குதுங்க." துண்டைத் தோளில் போட்டார். "இத்தன நாளா நான் பாத்து ஓட்டல. இவங்க சொல்லச் சொல்லக் கேட்டு ஓட்டியிருக்கேன். போதுமுங்க. வேற ஆளு பாத்துக்குங்க."

வியாபாரி காய்ச்சலோடு வந்து உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தரையைப் பார்த்தார். முதலாளி தன் வண்டிமாட்டைப் பார்க்கப் போனார்.

க்ளீனர் என்னிடம் வந்து, "இந்தப் பனியில நான் எடுக்க மாட்டேங்க" என்றார். வெட்கத்தோடு சொன்னார். டிரைவருக்கு அது கேட்டது.

"எடுக்காத. பனி போகட்டும், அப்புறம் எடு. உனக்குத் தெரியலீன்னா தெரியலீன்னு சொல்றதுக்குக் கூச்சப்படாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிரயாணிகள் முணுமுணுத்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் வெற்றிலை வாடிவிடும் என்றார்கள். "பனியில வெத்தல வாடறத இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்" என்றார் வியாபாரி. சிலர் சிரித்தார்கள். கரியை மட்டும் அணையாமல் பார்த்துக்கொண்டு, தொட்டியின் முழு உருவமும் தெரிகிறவரை காத்திருந்துவிட்டு, பஸ் கிளம்பியது. எங்கள் டிரைவர் அதில் ஏறவில்லை.

அவருடைய மனைவியிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. தை முடிவதற்குள் அவரைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அந்தம்மாவும் கூட வந்தார். போகிற வழியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கண்ணு தொறந்ததும் என்னை அடையாளம் தெரியுமா?" தெரியும் என்றேன். ஆபரேஷன் ஆன பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் பையை வைத்து, நிமிர்ந்தே படுக்க வைத்தார்கள். இருமக்கூடக் கூடாது. மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சிரிப்புக் காட்டுவார் என்று வார்டு நர்ஸிடம் சொல்லி அவரை வராந்தாவோடு நிறுத்தி வைத்தேன். கட்டு அவிழ்த்த அன்று அந்தம்மா கட்டிலுக்கு எதிரில் நின்றார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டியே" என்றார்.

இப்போது நிலைமை இது. இடது கண்ணில் கண்ணாடி போட்டால் எதிர்க்கடைப் பலகையைப் படிக்கிறார். வலது கண் இன்னும் முற்றவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாளி ஷெட்டில் பிரேக் கம்பி, உலை, சக்கரம் எல்லாவற்றையும் கையால் தடவிச் சோதிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். சம்பளம் முன்னைவிடக் குறைவு, அந்தக் குறையை அந்தம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போய்ச் சரிக்கட்டுகிறார். முதல் பஸ்ஸை க்ளீனராக இருந்தவர் ஓட்டுகிறார். பனி நாட்களில் அது நேரத்துக்குக் கிளம்புவதில்லை. அந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போகிறேன். டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.